தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டது

இந்தக் காலத்தில் ஜனங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. நாயை நடத்திக்கொண்டு போக ஓர் ஆள். நாற்காலியை எந்த மூலையில் போட்டால் அழகு என்று சொல்ல ஓர் ஆள். மூச்சு விடச் சொல்லிக்கொடுக்கக்கூட ஓர் ஆள் இருக்கிறானாம். அதுவரைக்கும் இவர்கள் என்ன விட்டுக்கொண்டிருந்தார்களோ. லிஃப்டில் தோளை இடித்துக்கொண்டு நிற்பவனிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள், போனில் மட்டும் ஊர் உலகத்தோடு பேசுவார்கள். இப்போது புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வதற்கும் நடுவில் ஓர் ஆள் வந்தாயிற்று. அதற்கென்று ஓர் அறை, ஒரு வட்ட மேசை, மேசைமேல் கண் துடைக்கிற காகிதப் பெட்டி. அழத்தான் வருகிறார்கள் என்று முன்னாலேயே தெரிந்து வாங்கி வைத்திருக்கிறார்கள்.

நான் ஐம்பது வருஷம் குழாய் வேலை பார்த்தவன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஐந்தாவதோடு தீர்ந்தது. யாரையும் லேசில் நம்பமாட்டேன். என் வேலை அப்படி. நான் போன வீட்டிலெல்லாம் "நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றுதான் சொல்வார்கள். அலமாரியைத் திறந்தால் பலகை ஆறு மாசமாக ஊறிக் கறுத்திருக்கும். ஈரம் சுவரில் தெரியும், ஒழுகுகிற இடம் பத்தடி தள்ளி வேறு எங்கோ இருக்கும். வீட்டுக்காரன் ஈரத்தைக் காட்டி இங்கேதான் என்று சத்தியம் பண்ணுவான். நான் தலையாட்டிவிட்டு வேறு பக்கம் தட்டிப் பார்ப்பேன்.

இவ்வளவு தெரிந்தவன் என் வீட்டில் ஒழுகியதைப் பார்க்கவில்லை என்று எல்லோரும் சேர்ந்து எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதைத்தான் எழுதுகிறேன். ஒப்புக்கொண்டு எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்றாவது மாடியில் நானும் என் மகனும் இருக்கிறோம். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. மகன் அட்டைப்பெட்டி அச்சடிக்கிற பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறான். மருமகள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். அவர்களுக்கு ஒரே பெண், ஒன்பது வயது. சின்னதாக இருக்கும், சுருக்கென்று பேசும். அதனால் நான் மிளகு என்று கூப்பிடப் போய், இப்போது ஸ்கூலில்கூட அதுதான் பெயர்.

மருமகளை லேபில் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். ஷிஃப்ட் மாறியது. இவனுக்கும் ஷிஃப்ட், அவளுக்கும் ஷிஃப்ட், குழந்தையை ஸ்கூலிலிருந்து யார் கூட்டிவருவது என்று ஆரம்பித்தது. நான்தான் இருக்கிறேனே என்றேன், யார் காதிலும் விழவில்லை. சண்டை குழந்தையில் ஆரம்பித்து, யார் சம்பளம், யார் அம்மா, யார் முதலில் கதவை அறைந்தது என்று எங்கெங்கோ போயிற்று. ஒருநாள் காலையில் அவள் குழந்தையையும் ஒரு பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவளுடைய அக்கா வீட்டுக்குப் போனாள். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு எடுத்துத் தங்கிவிட்டாள். ஒன்றரை வருஷம் ஆயிற்று.

சனி காலையிலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரை மிளகு எங்களிடம் இருப்பாள். கொண்டுவந்து விடுவதும் கூட்டிப் போவதும் கீழே, தபால்பெட்டிகள் வரிசையாக மாட்டியிருக்கிற இடத்தில். மேலே அவள் வரமாட்டாள், தெருவுக்கு இவன் போகமாட்டான். ஒருவரை ஒருவர் பார்க்கவும் மாட்டார்கள். இவன் கண் தபால்பெட்டி நம்பரில் இருக்கும், அவள் கண் தன் செருப்பில் இருக்கும்.

"உங்கப்பாவக் கேளு, ஸ்வெட்டர் எங்கன்னு."

"அப்பா, ஸ்வெட்டர்?"

"பையில இருக்குன்னு சொல்லு. பையத் தொறந்து பாக்குறவங்களுக்குத் தெரியும்னும் சொல்லு."

"பையில இருக்காம்மா."

பின்பாதியை மிளகு முழுங்கிவிடுவாள். இந்தப் பக்கமிருந்து எது வந்தாலும் முள்ளை எடுத்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் கொடுப்பாள். தபால்பெட்டிகளுக்கு நடுவே நின்று குழந்தை தபால் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது அது சாமர்த்தியமாகத் தெரிந்தது. கெட்டிக்காரி, தாத்தா மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் குளியலறை ஆரம்பித்தது. ஞாயிறு சாயங்காலம் கிளம்ப வேண்டிய நேரத்தில் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குழாயை முழுசாகத் திறந்துவிடுவாள். முதலில் ஐந்து நிமிஷம், அப்புறம் கால் மணி நேரம்.

"மிளகு, டேங்க் காலியாகப் போகுது. குழாய மூடு."

"ஆச்சு தாத்தா."

"என்ன ஆச்சு? ஆத்தையே கொண்டுவந்து உள்ள விட்டுட்டியா?"

தண்ணீர்ச் சத்தம்தான் வரும்.

ஒரு ஞாயிறு ஒரு மணி நேரம் ஆகியும் வெளியே வரவில்லை. மகன் கதவைத் தட்டித் தட்டிக் கை சிவந்து நின்றான். நான் திருப்புளியை எடுத்துவந்து கதவிடுக்கில் விட்டு நெம்பித் தாழ்ப்பாளைக் கழற்றினேன். உள்ளே மிளகு கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். முதுகில் பை, காலில் ஷூ, தலை வாரிப் பின்னியது அப்படியே. குழாய் அது பாட்டுக்கு ஓடி, தண்ணீர் வழிந்து ஷூவெல்லாம் ஈரம். முகம் மட்டும் காய்ந்திருந்தது. அழுதிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.

"என்னடி பண்றே?"

"ஒண்ணுமில்ல தாத்தா. உக்காந்திருக்கேன்."

கீழே ஒரு மணி நேரமாக நின்ற மருமகள், பெட்டியோடு போனபிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாக மேலே ஏறி வந்தாள். என்ன சொல்லிக் குழந்தையைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். உன்னிடம் வரப் பயப்படுகிறது, உனக்கே தெரியவில்லையா என்று இவன் கேட்டான். ஈர ஷூவோடு மிளகு நடுவில் நின்றாள். அன்றைக்கு அவளிடம் யாரும் "கேளு" என்றும் சொல்லவில்லை, "சொல்லு" என்றும் சொல்லவில்லை. நேராகவே பேசிக்கொண்டார்கள். அதற்கு அந்தத் தபாலே தேவலை.

அடுத்த வாரம் குழந்தை தனக்குத்தான் வேண்டும் என்று இரண்டு பேரும் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஜட்ஜ் இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு, முதலில் சமரச மையத்துக்குப் போங்கள், மூன்று தடவை உட்கார்ந்து பேசுங்கள் என்று அனுப்பிவிட்டார். அதிலும் முடியாவிட்டால் என்ன என்று மகன் வக்கீலைக் கேட்டிருக்கிறான். குழந்தைக்கு விவரம் தெரிகிற வயசு, ஜட்ஜ் உள்ளே கூப்பிட்டு யாரிடம் இருக்கிறாய் என்று அவளையே கேட்பார் என்றாராம் வக்கீல்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அதே யோசனைதான். ஸ்வெட்டர் விஷயத்திலேயே பாதியை முழுங்குகிற பெண், இந்தக் கேள்விக்கு எதை முழுங்குவாள்? இங்கே என்று சொன்னால் அங்கே முகம் பார்க்க முடியாது. அங்கே என்று சொன்னால் எங்களைப் பார்க்க முடியாது. சொன்னது சொன்னதுதான், அறுபது வயசிலும் அது அவளோடு வரும்.

குழந்தை தங்கும் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களும் வரலாம் என்று மையத்திலிருந்து சொன்னார்கள். அவள் வீட்டில் வேறு யாரும் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து நான் போனேன்.

நடுவில் உட்காரும் ஆள் ஒரு பெண். நாற்பத்தைந்து வயசு இருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு மேசையெல்லாம் அதைத் தேடினாள். இதுதான் எங்கள் குடும்பத்தைத் தேடி எடுத்துக் கொடுக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். சமரச அம்மா என்று மனசுக்குள் பெயர் வைத்தேன்.

முதல் தடவை என் மகன் ஆரம்பித்தான். "மேடம், அவகிட்ட சொல்லுங்க, குழந்தைக்கு ரெண்டு பல் பிரஷ் வேணும்னு."

"நீங்களே சொல்லுங்க. எதுத்தாப்லதான இருக்காங்க."

"இல்ல மேடம், நீங்க சொன்னா…"

"நான் ஒம்பது வயசுப் பொண்ணு இல்லீங்களே" என்றாள் சமரச அம்மா.

சத்தமே போடாமல்தான் சொன்னாள். மருமகள் காகிதப் பெட்டியிலிருந்து ஒன்றை உருவி நான்காக மடித்துக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்குப் பேசியது பூராவும் பல் பிரஷ், வீட்டுப்பாடம், போன் பார்க்கிற நேரம், போன மழையில் நனைந்த ஷூ. ஒன்றரை வருஷக் கோபத்தைப் பல் பிரஷ்மேல் ஏற்றி வைத்துப் பேசினார்கள். நடுநடுவே ஒரு சத்தம். டொக், டொக் என்று பக்கத்துக் கழுவும் அறையில் குழாய் சொட்டியது. எனக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்து போனேன். சட்டைப்பையில் சின்ன ஸ்பேனர் எப்போதும் இருக்கும். மேலே ஒரு திருகு இறுக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை.

நான் திரும்பி வரும்போது சமரச அம்மா வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாஷர் போயிருக்கும்மா" என்றேன்.

"எழுதிக் குடுத்து நாலு மாசம் ஆச்சுங்க ஐயா."

"எழுதிக் குடுத்தா குழாய் நிக்குமா?"

"நிக்காதுதான். ஆனா எழுதிக் குடுக்காட்டி யாரும் வந்தே பாக்க மாட்டாங்களே."

வாய்க்காரி. பதில் தயாராக வைத்திருந்தாள். அப்படிப்பட்டவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது தடவைக்கு முன்னால், இரண்டு பேரும் சரி என்றபிறகு, சமரச அம்மா மிளகை வரச்சொல்லி அவளிடம் தனியாக அரை மணி நேரம் பேசினாள். என்ன பேசினாய் என்று வீட்டில் கேட்டேன். "சும்மா" என்றாள். தனியாகப் பேசி என்ன மருந்து வைத்தாளோ என்று எனக்கு ஒரே கடுப்பு.

நாங்கள் உட்கார்ந்ததும் சமரச அம்மா கண்ணாடியை இந்த முறை மூக்கிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள். "மிளகு எங்கிட்டப் பேசினது மிளகுக்கும் எனக்கும். அதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் உங்களக் கேக்கலாம்னு அவளே சொன்னா. அவளுக்கு ஒரு சந்தேகம். கேக்கட்டுமா?"

மருமகள் தலையாட்டினாள்.

"'ஒரு வீட்டுலேர்ந்து கெளம்பறப்ப நான் என்ன சொல்லணும்?' இதான் கேட்டா."

மகனுக்குப் புரியவில்லை. "என்ன சொல்லணும்னா? போயிட்டு வரேன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதான்."

"எந்த வீட்டுல?"



மருமகள்தான் முதலில் பேசினாள், மேசையைப் பார்த்துக்கொண்டு. "நான் சொல்லியிருக்கேன். அங்க கெளம்பறப்ப எங்கிட்ட 'போயிட்டு வரேன்'னு சொல்லு. அங்கேர்ந்து வர்றப்ப 'வரேன்' சொல்லாத, அது நீ தங்கிட்டு வர்ற எடம், வீடு இதான்னு. ஒரு கோவத்துல சொன்னது. அவ மறந்திருப்பான்னு நெனச்சேன்."

"உங்க வீட்டுல என்ன சொல்லியிருக்கீங்க?" என்று சமரச அம்மா மகனைக் கேட்டாள். மகன் என்னைப் பார்த்தான்.

சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது? முதல் தடவை தங்கிவிட்டுக் கிளம்பும்போது குழந்தை வாசலில் நின்று "தாத்தா, போறேன்" என்றது. எந்த வீட்டிலும் பெரியவர்கள் திருத்துகிற விஷயம்தானே இது. போறேன் என்று சொல்லக்கூடாது, போயிட்டு வரேன் என்று சொல்ல வேண்டும், இதுதான் உன் வீடு என்றேன். அதில் என்ன தப்பு?

"அவ்வளவுதான் சொன்னீங்களா ஐயா?"

"அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் அந்தக் குழாய் சொட்டுவதையே கேட்டுக்கொண்டிருந்தேன். "இன்னொண்ணும் சொன்னேன். போறேன்னு சொல்லிட்டுப் போனவதான் உங்கம்மா, நீ அப்படிச் சொல்லாதன்னு."

மருமகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஒன்றரை வருஷத்தில் அவள் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மாமா, நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"அன்னிக்கு. பெட்டியத் தூக்கிட்டுப் போனியே, அன்னிக்கு. வாசல்ல நின்னு மாமா, போறேன்னே. என் காதால கேட்டேன்."

"போயிட்டு வரேன்னு சொன்னேன் மாமா."

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

"போயிட்டு வரேன்னுதான் சொன்னேன்" என்றாள் மறுபடியும். குரல் உயரவில்லை. "நாலு நாள் அக்கா வீட்டுல இருந்துட்டு வரலாம்னுதான் போனேன். மூணு ஜோடித் துணிதான் எடுத்தேன். நீங்க பதிலே சொல்லல. கோவமா இருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

என் மகன் அவளைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினான். "அப்பா, அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"பாத்ரூம்ல. ஷவர் பைப் மாத்திட்டிருந்தேன்."

"தண்ணி ஓடிச்சா?"

"ஜாயின்ட் போட்டுட்டுத் தண்ணி விட்டுப் பாக்காம எந்த மடையனாவது எந்திரிப்பானா?"

"ஓடிச்சாப்பா?"

"ஓடிச்சு."

அதற்குமேல் அவன் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அன்றைக்கு வேலை முடிந்து வந்தவனிடம் "போறேன்னுட்டுப் போயிட்டா" என்று சொன்னது நான்தான். அவனும் அதைப் பிடித்துக்கொண்டான். போறேன் என்று போனவளை நான் எதற்குப் போய்க் கூப்பிட வேண்டும் என்று ஒரு வாரம் இருந்தான். அவன் வந்து கூப்பிடுவான் என்று அவள் ஒரு வாரம் இருந்தாள். ஒரு வாரம் ஒரு மாசம் ஆயிற்று. அப்புறம் யார் முதலில் போன் பண்ணுவது என்பதே தனிச் சண்டை ஆயிற்று.

யோசித்துப் பார்த்தால், போறேன் என்பதற்கும் போயிட்டு வரேன் என்பதற்கும் முன்னால் இருப்பது ஒரே 'போ'. பின்னால் வருவது ஒரே 'ரேன்' சத்தம். நடுவில்தான் வித்தியாசம். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் 'போ' கேட்கும், 'ரேன்' கேட்கும். நடுவில் இருப்பது போய்விடலாம். போய்விடலாம் என்றுதான் சொல்கிறேன். போயிற்று என்று சொல்லவில்லை.

"நெஜமாவே வரேன்னுதான் சொன்னியா?" என்று மகன் அவளைக் கேட்டான். நேராக அவளையே கேட்டான்.

"சொன்னேன்."

"அப்புறம் ஏன் அதச் சொல்லல?"

"கேட்டாத்தான சொல்றது. நீங்க கேக்கவே இல்ல."

நான் காகிதப் பெட்டியைப் பார்த்தேன். யாராவது எடுப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் எடுக்கவில்லை.

இப்போது இந்தச் சமரச அம்மா இரண்டு கையையும் பிடித்துச் சேர்த்து வைத்து, தெரியாமல் நடந்துபோச்சு, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் எனக்கும் வேண்டாம் என்று இருந்திருக்காது. அவள் சொல்லவில்லை. "உங்க ரெண்டு பேர் விஷயத்தப் பேசணும்னா இன்னொரு நாள் பேசலாம், வேண்டாம்னாலும் சரி. இன்னிக்கு மிளகு கேட்டதுக்குப் பதில் வேணும். அவ கெளம்பறப்ப என்ன சொல்லணும்?"

"அதுக்காகத்தான் உள்ள போய்க் குழாயத் தொறந்துக்கறாளா?" என்று மருமகள் கேட்டாள். "சனிக்கெழம எங்க வீட்டுலயும் அதேதான் பண்றா. வயித்து வலின்னு நெனச்சு நான் மருந்து குடுத்துட்டிருக்கேன்."

"அதுக்கு நான் பதில் சொல்ல முடியாதுங்க. நீங்களே யோசிங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? இங்கேயிருந்து கிளம்பும்போது 'வரேன்' சொல்லக் கூடாது என்பது அவள் கட்டளை, 'போறேன்' சொல்லக் கூடாது என்பது என் கட்டளை. அங்கே 'வரேன்' என்றாலும் இதுதான் உன் வீடு என்ற என் பேச்சு இடிக்கும். இங்கே 'வரேன்' சொன்னால் ஒருத்திக்குத் துரோகம், சொல்லாவிட்டால் ஒரு கிழவன் மூஞ்சி தொங்கும். வாசலுக்கு வந்தால் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதனால் குழந்தை வாசலுக்கே வரவில்லை. ஈரம் குளியலறையில் தெரிந்தது என்று நாங்கள் எல்லோரும் குளியலறையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரு வார்த்தைக்காகவா? இத்தனை பெரிய வீட்டை ஒரு வார்த்தை சாய்க்குமா? அது மட்டும் காரணமாக இருக்காது என்று அன்றைக்கும் சொன்னேன். "அது மட்டும்னு நானும் சொல்லலீங்க ஐயா" என்றாள் சமரச அம்மா. இவளோடு பேசி ஜெயிக்க முடியாது.

மூன்றாவது தடவை எழுத உட்கார்ந்தார்கள். புதன் சாயங்காலமும் மிளகு எங்களிடம் வரலாம் என்று மருமகள் தானாகவே சொன்னாள். அவளுக்கு ஷிஃப்ட் மாறும் வாரத்தில் நான் ஸ்கூலுக்குப் போய்க் கூட்டிவர வேண்டும் என்றும் சொன்னாள். இதைத்தானே நான் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் சொன்னேன். வாயைத் திறக்கப் போனேன், மகன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். இரண்டு வீட்டிலும் ஒரு பல் பிரஷ், ஒரு ஜோடி ஷூ. ஒருவரிடம் ஒருவர் சொல்ல வேண்டியதைப் போனில் சொல்ல வேண்டும், குழந்தையிடம் சொல்லி அனுப்பக் கூடாது. கீழே தபால்பெட்டியில் நிற்கக் கூடாது, வீட்டு வாசல் வரைக்கும் போய் விட வேண்டும்.

கடைசி வரியைச் சமரச அம்மா படித்தாள். "குழந்தை விடைபெறும் வேளையில் பயன்படுத்தும் சொற்களை இரு தரப்பினரும் திருத்தவோ, அவற்றுக்கு உள்நோக்கம் கற்பிக்கவோ கூடாது."

"இது யாருக்குப் புரியும்?" என்றேன்.

"நீங்க சொல்லுங்க ஐயா. நீங்க சொல்றபடியே எழுதறேன்."

"புள்ள கெளம்பறப்ப என்ன சொன்னாலும் சரி. யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அவள் அதை அப்படியே எழுதினாள். மருமகள் குனிந்துகொண்டு, "மாமாவையும் சேத்துத்தான?" என்றாள்.

"என்னையும் சேத்துத்தான்."

மருமகள் சிரித்தாள். சத்தம் வராத சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு. என் மகன் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கூட இருந்தவன் என்று நானும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுப் போட்டேன். இதைப் பார்த்தால் ஜட்ஜ் குழந்தையைக் கூப்பிட மாட்டாரா என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு பேரும் ஒத்துப்போன பிறகு அவளைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது என்றாள் சமரச அம்மா. இரண்டு வாரம் கழித்து ஜட்ஜும் அதைப் படித்துப் பார்த்துச் சரி என்றார். மிளகை யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த மட்டில் நல்லது.

கிளம்பும்போது கழுவும் அறைக்குப் போய், கொண்டுபோயிருந்த வாஷரை மாட்டிவிட்டு வந்தேன். அந்த அம்மாவுக்காக இல்லை. சொட்டுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு என்னால் போக முடியாது.

அதற்கு அடுத்த ஞாயிறு சாயங்காலம் நான் குளியலறைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைதான் இன்னும் இருந்தது. மிளகு பையை மாட்டிக்கொண்டு வந்தாள். குளியலறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எதுக்கு தாத்தா இங்க உக்காந்திருக்கீங்க?"

"காத்து வருது."

"பாத்ரூம்லேர்ந்தா?"

அவள் வாசலுக்குப் போனாள். மகன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினான். மிளகு வாசலில் நின்று, இந்தப் பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் யோசித்தாள். எனக்குத் தாடை வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"தாத்தா, கெளம்பறேன்" என்றாள்.

போவதும் இல்லை, வருவதும் இல்லை. யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். வாய்வரை வந்தது எனக்கு, அது என்னடி பேச்சு என்று. கையெழுத்துப் போட்ட கை கனத்தது.

"சரி" என்றேன்.

அவள் படியில் இறங்கிப் போகும் சத்தம் முழுசாகக் கேட்டது. குழாய் எதுவும் ஓடவில்லை.

புதன்கிழமை மருமகள் குழந்தையைக் கொண்டுவந்து விட மேலே வரைக்கும் வந்தாள். காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. வாசலுக்கு வெளியே நின்றுகொண்டாள், உள்ளே வரவில்லை. என் மகன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், வாங்கிக் குடித்தாள். பல் பிரஷ் வாங்கியாயிற்றா என்று கேட்டாள். வாங்கிவிட்டேன், பச்சை என்றான். பச்சைக்குச் சண்டை வரவில்லை, அதுவே எனக்கு ஆச்சரியம்.

டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் என் பக்கம் குனிந்து, காது கேட்காதவனிடம் பேசுவது மாதிரி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"மாமா. போ-யி-ட்டு வ-ரே-ன். கேட்டுச்சா?"

உள்ளேயிருந்து மிளகு சிரிக்கிற சத்தம் வந்தது.

"எனக்கு எப்பவுமே நல்லாத்தான் கேக்கும்" என்றேன். "போ, பஸ் போயிடும்."

அவள் இறங்கிப் போனாள். என் சட்டைப்பையில் அந்தக் குளியலறைத் தாழ்ப்பாள் இருந்தது, நான்கு திருகாணியோடு. மகன் அதைப் பார்த்துவிட்டு, "மாட்டிடலாமேப்பா, அதான் எல்லாம் சரியாயிடுச்சே" என்றான். மாட்டமாட்டேன் என்றேன். ஜாயின்ட் போட்ட கையோடு சுவரை மூடிப் பூசுகிறவன் குழாய்க்காரன் இல்லை. தண்ணீரை விட்டு நாலு நாள் பார்க்க வேண்டும். ஒரு புதன், ஒரு ஞாயிறு நல்லபடியாகப் போனால் போதுமா? இன்னும் மழை வரும், ஷூ நனையும், இவனுக்கு ஷிஃப்ட் மாறும், அவளுக்கு மேலே இன்னொரு பொறுப்பு கொடுப்பார்கள். அன்றைக்கு அந்தக் காகிதம் என்ன செய்கிறது என்று பார்க்கிறேன்.

அவள் அன்றைக்கு அப்படித்தான் சொன்னாள் என்பதையும் நான் இன்னும் நம்பவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தாழ்ப்பாளைப் பையிலேயே போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அவள் பஸ் ஏறினாளா என்று பார்க்கக் கீழே இறங்கி நடந்தேன்.